வாண வேடிக்கையும் பொதுமக்கள் காப்பும்

கோயில் தீர்த்தம், திருமண வீடு, சித்திரை வருடப்பிறப்பு, நத்தார் நள்ளிரவு, தேர்தல் வெற்றி என எதுவாயினும், இலங்கையில் வெடியோசை இன்றி அது நிறைவுறுவது அரிது. யாழ்ப்பாணத்துக் கிராமங்கள் பலவற்றில், சாவீட்டிலிருந்து பாடை புறப்படும்போதும் சீனவெடி கொளுத்தப்படுகின்றது. இவ்வாறு மகிழ்ச்சிக்கும் துயருக்கும் ஒருங்கே உரியதாய் மக்கள் வாழ்விற் கலந்துவிட்ட ஒரு பொருளைச் செய்யவும் விற்கவும் சேமித்துவைக்கவும் அனுமதிப்பத்திரம் வேண்டும் என்று அரசாங்கம் விதிக்கும்போது, மக்கள் மனத்திலே சிறிது சலிப்புத் தோன்றுவது இயல்பேயாம். "காசும் நம்முடையது, கையும் நம்முடையது, வெடி கொளுத்துவதற்குச் சட்டம் எதற்கு?" என்று வினவுவோர் உளர். வினா நியாயமானதே. அதற்குரிய விடையை, இரு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் ஆங்கிலச் சிற்றூர் ஒன்றின் சந்தையிலே நிகழ்ந்த ஒரு சம்பவத்திலிருந்து தொடங்கிக் காண்பது பொருத்தமாகும்.

1770ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதம் 28ஆந் திகதி, இங்கிலாந்தின் சமர்செற் பகுதியிலுள்ள மில்போண் போட் என்னும் ஊரிலே சந்தை கூடியிருந்தது. மாலைப் பொழுது. தூண்களின் மேல் கூரையிட்ட சந்தை மண்டபத்திலே வியாபாரிகள் தட்டுகளைப் பரப்பியிருக்க, மக்கள் நெருங்கி நின்றனர். அவ்வேளையில் செப்பேட் என்னும் ஒருவன், தெருவில் நின்றபடியே, கொளுத்திய சிறுவாணம் ஒன்றை மண்டபத்தினுள்ளே வீசினான். அஃது இஞ்சிப் பணியாரம் விற்கும் யேற்ஸ் என்பவரின் தட்டிலே விழுந்தது. பக்கத்தில் நின்ற வில்லிஸ் என்பவர், தமக்கும் பணியாரத்துக்கும் தீங்கு வாராதபடி அதனை எடுத்து அப்பால் எறிந்தார். அது ரையல் என்னும் மற்றொரு வியாபாரியின் தட்டிலே போய் விழுந்தது. அவரும் தம் பொருளைக் காக்க எண்ணி அதனைத் தூக்கி வேறொரு பக்கம் வீசினார். இம்முறை அது ஸ்கொட் என்பவனின் முகத்திலே பட்டு வெடித்தது. அவன் ஒரு கண்ணை இழந்தான்.

ஸ்கொட் வழக்குத் தொடுத்தான். குற்றம் எவருடையது? கண்ணைக் குருடாக்கிய வாணத்தை இறுதியாக வீசியவர் ரையல். ஆனால் அவரும் வில்லிஸும் தற்காப்புக்காக ஒரு கணத்திலே கைதூக்கியவர்கள். வழக்கு மேல்மன்றத்துக்குச் சென்றபோது, புகழ்பெற்ற சட்ட அறிஞராகிய பிளாக்ஸ்ரன், செப்பேட் நேரடியாக ஸ்கொட்டைத் தாக்கவில்லை, ஆதலின் இவ்வகை வழக்கு அவன்மேற் செல்லாது என்று வேறுபட்டு நின்றார். ஏனைய நீதிபதிகள் அதனை ஏற்கவில்லை. முதலில் தீயைக் கூட்டத்தினுள்ளே விட்டவனே, அதனால் விளைந்த அனைத்துக்கும் பொறுப்பாளி என்று 1773ஆம் ஆண்டிலே தீர்ப்பாயிற்று. சட்டம் பயிலும் மாணவர்கள் இன்றும் இவ்வழக்கைப் படிக்கின்றனர்.

சட்ட நுணுக்கத்தினும் மேலாக இங்கே கவனிக்கற்பாலது ஒன்றுண்டு. கண்ணை இழந்தவன் வாணத்தை வாங்கியவனல்லன், கொளுத்தியவனல்லன், அதனால் ஊதியம் பெற்றவனுமல்லன். சந்தைக்கு வந்திருந்தான், அவ்வளவே. காசும் கையும் ஒருவனுடையனவாயினும் கண் வேறொருவனுடையதாய் இருந்தது. உலகெங்கணும் வெடிபொருட் சட்டங்கள், விதிகள், உரிம நிபந்தனைகள் என எழுதப்பட்டவற்றுட் பெரும்பாலானவை, இம்மூன்றாம் ஆளை முன்னிறுத்தி எழுதப்பட்டவை. தன் கையைச் சுட்டுக்கொள்பவனைச் சட்டம் ஓரளவுக்குமேற் காக்க இயலாது.

அவ்வழக்கின் தீர்ப்பிலே, சிறுவாணம் எறிதல் முன்னரே சட்டவிரோதமான செயல் என்பதும் எடுத்துக்காட்டப்பட்டது. அது மூன்றாம் வில்லியம் மன்னன் காலத்தில், 1697ஆம் ஆண்டின் சட்டம். வாணம் செய்தல், விற்றல், எறிதல் யாவற்றையும் பொதுத் தொல்லை எனக் கூறி, ஒரே வீச்சில் விலக்கிய சட்டம் அது. கட்டுப்பாட்டிலே நாட்டமுடையோர்க்கு இதனினும் முற்றான சட்டம் கிடைப்பதரிது. ஆயின் அதன் பயன் யாது? வாணம் ஒழிந்ததா? ஒழியவில்லை. 1749ஆம் ஆண்டு ஏப்பிரில் 27ஆந் திகதி இலண்டன் கிறீன் பூங்காவிலே அரசாங்கமே சமாதான விழா எடுத்து, ஹாண்டல் இயற்றிய இசையுடன் பெரியதொரு வாண வேடிக்கை நடத்தியது. அன்று விழா மண்டபத்தின் ஒரு பகுதியே தீப்பற்றி எரிந்தது. மன்னர் கொளுத்தும்போது மக்கள் கைகட்டி நிற்பாரோ? செய்வார் செய்தனர், விற்பார் விற்றனர். சட்டத்தின் கண்ணுக்கு வாணத் தொழிலகம் என ஒன்று இருத்தலாகாது. ஆதலால் அதனைச் சென்று பார்வையிட எவருமிலர். மருந்து கலத்தல், நெருக்கமான தெருக்களிலே, குடும்பங்கள் உறங்கும் மாடிகளின் கீழே நடைபெறலாயிற்று. 1858ஆம் ஆண்டிலே இலண்டனில் லம்பெத் பகுதியிலிருந்த இத்தகைய வீட்டுத் தொழிலகம் ஒன்று வெடித்துச் சிதறியது. பறந்த வாணங்களால் எதிர்ப்புறத்திலிருந்த மற்றொரு வாணக்கடையும் பற்றியெரிந்தது. உயிரிழந்தோர் ஒருபுறமிருக்க, தெருவிலே நின்ற பலர் காயமுற்றனர்.

முற்றாக விலக்குதல் மேன்மையான சட்டம் போலத் தோற்றும். நிறைவேற்ற வழியில்லாத விலக்கு, தீயை வீட்டின் பின்னறைக்கு அனுப்பிவிடுகின்றது என்பதே அந்த நூற்றறுபது ஆண்டுகளின் அனுபவம்.

இனி, வாணத்தினுள்ளே இருப்பது யாது என்பதையும் சிறிது அறிந்துகொள்ளல் வேண்டும். அதனை அறியாதார்க்குச் சட்டத்தின் விதிகள் வெறும் உத்தியோகத் தொந்தரவாகவே காணப்படும். பழைய கருமருந்து, நூற்றுக்கு 75 பங்கு வெடியுப்பும் 15 பங்கு கரியும் 10 பங்கு கந்தகமும் சேர்ந்தது. விறகு எரிவதற்கு வெளிக்காற்று வேண்டும். மருந்து எரிவதற்கு அது வேண்டுவதில்லை. எரிதற்குத் தேவையான ஒட்சிசன் வெடியுப்பினுள்ளேயே அடங்கியிருக்கின்றது. ஆகவே சாக்கினால் மூடியும் மண்ணைக் கொட்டியும் விறகுத் தீயை அணைப்பதுபோல, மருந்துத் தீயை மூச்சுத் திணறவைத்து அணைக்க முடியாது. அன்றியும், திறந்த தட்டிலே பரப்பிய கருமருந்து சீறி எரிந்துபோகும். அதே மருந்தைக் கடதாசிக் குழலில் இறுக்கி அடைத்தால் வெடிக்கும். அடைபட்ட வாயு பெருகி, உறையைக் கிழித்துக்கொண்டு வெளிப்படுவதே ஓசை. சிறு குழலுக்குப் பொருந்தும் இவ்வுண்மை, பூட்டிய இரும்புக் கொள்கலத்துக்கும் பொருந்தும் என்பதை நேயர்கள் நினைவில் வைத்தல் நன்று. பின்னர் இது தேவைப்படும்.

1875ஆம் ஆண்டிலே இங்கிலாந்து வேறொரு வழியை மேற்கொண்டது. அதற்கு முந்திய ஆண்டு ஒக்ரோபர் மாதத்திலே, இலண்டன் றீஜன்ற் பூங்காவை அடுத்த கால்வாயில் வெடிமருந்து ஏற்றிச் சென்ற படகொன்று வெடித்து, நகரத்தையே நடுங்கவைத்திருந்தது. அதன்பின் இயற்றப்பட்ட வெடிபொருட் சட்டம், வாணத்தை ஒழிக்க முயலவில்லை. அதனைப் பிரித்துவைக்க முயன்றது. அச்சட்டத்தின் உயிர்நிலை இதுவேயாகும். தொழிலகம் ஒரே பெரிய கட்டிடமாய் இருத்தலாகாது. ஒன்றுக்கொன்று எட்டநிற்கும் சிறு குடில்களாய் இருத்தல் வேண்டும். ஒவ்வொரு குடிலிலும் ஒரு நேரத்தில் எத்தனை பேர் இருக்கலாம், எவ்வளவு மருந்து இருக்கலாம் என்பன உரிமத்திலேயே எழுதப்படும். நிலத்தில் மணலும் கல்லும் இருத்தலாகாது. கருவிகள் பொறி பறக்கும் இரும்பினால் ஆனவையாய் இராமல் மரம், செம்பு, பித்தளை ஆகியவற்றால் ஆதல் வேண்டும். தீக்குச்சியோ புகையிலைக் குழாயோ உள்ளே செல்லாதபடி, தொழிலாளரின் உடைக்குப் பைகளே இருத்தலாகாது. பதினாறு வயதுக்குட்பட்டோர், வளர்ந்தவர் ஒருவரின் மேற்பார்வையின்றி அபாயக் குடிலினுள்ளே புகலாகாது. சட்டைப்பையைக்கூட விட்டுவைக்காத சட்டம் என்று நகைப்பவர் நகைக்கலாம். ஒரு சட்டைப்பை, ஒரு தீக்குச்சி, ஒரு குடிலிலே ஐம்பது பேர் என்னுங் கணக்கைப் போட்டுப் பார்த்தவர்கள் எழுதிய விதி அது.

விதிகள் எழுதப்பட்டமை மட்டும் போதுமானதன்று. அவற்றை நேரிற் பார்ப்பதற்குப் பரிசோதகர்கள் நியமிக்கப்பட்டனர். முதற் பிரதம பரிசோதகராயிருந்த விவியன் மஜென்டி, பீரங்கிப்படை அதிகாரி. 1898ஆம் ஆண்டு இறக்கும்வரை அப்பதவியிலே இருந்தார். விபத்து நேர்ந்தவிடத்து அறிவித்தல் கட்டாயமாயிற்று. விபத்துகள் ஆராயப்பட்டன, காரணங்கள் ஆண்டறிக்கைகளிலே அச்சாகி வெளிவந்தன. ஓர் ஊரில் நிகழ்ந்த தவறு மற்றோர் ஊரின் தொழிலாளிக்கு எச்சரிக்கையாக அமைவதற்கு, இத்தகைய அறிக்கைகளே வழி.

அவ்வாறு ஆராய்ந்து கண்ட உண்மைகளுள் மிக்க பயன் தந்தது, குளோரேற்றைப் பற்றியதாகும். பொற்றாசியங் குளோரேற்று என்னும் உப்பு, வெடியுப்பினும் எளிதாக ஒட்சிசனை விடுவது. 1788ஆம் ஆண்டிலே பிரான்சு நாட்டு இரசாயன அறிஞர் பெர்த்தொலே, இதனைக் கொண்டு துப்பாக்கி மருந்து செய்ய எசோன் என்னுமிடத்தில் முயன்றபோது, அது வெடித்துப் பார்க்க வந்தோர் இருவரைக் கொன்றது. எனினும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் வாணக்காரர்கள், நிறம் பொலிவுற வேண்டிக் குளோரேற்றை விரும்பிச் சேர்த்தனர். துரொந்திய உப்புகளின் சிவப்பும் பேரிய உப்புகளின் பச்சையும் அதனோடு சேர்ந்தபோது முன்னெப்போதும் இல்லாத ஒளி பெற்றன. தீங்கு யாதெனின், மலிவான கந்தகத்தை அதனுடன் கலந்தமையே. கந்தகத்திலே சிறிதளவு அமிலம் படிந்திருத்தல் உண்டு. அந்த அமிலம் குளோரேற்றோடு கூடினால், கையினால் தேய்த்தாலும் பற்றும். சிலவேளை எவரும் தொடாமலே, களஞ்சியத்தில் இருந்தபடியே தானாகப் பற்றும். 1894ஆம் ஆண்டிலே இங்கிலாந்து அரசாங்கம், குளோரேற்றையும் கந்தகத்தையும் வாணங்களிலே கலப்பதை விலக்கியது. எல்லாவற்றையும் விலக்கிய 1697ஆம் ஆண்டுச் சட்டம் சாதியாததை, ஒரே ஒரு கலவையை விலக்கிய இவ்விதி சாதித்தது. இந்தியாவும் பின்னர் இதே விலக்கைத் தன் விதிகளிலே சேர்த்துக்கொண்டது.

இதனை விளங்கிக்கொள்ள ஒவ்வொரு வீட்டு அடுப்படியிலும் ஓர் உதாரணம் உண்டு. நெருப்புக்குச்சியின் தலையிலே குளோரேற்று இருக்கின்றது. பெட்டியின் பக்கத்திலே செம்பொசுபரசு பூசப்பட்டிருக்கின்றது. இரண்டையும் ஒருங்கே குச்சியின் தலையில் வைத்தால் அது பையினுள்ளேயே பற்றிவிடும். பிரித்துவைத்தமையாலேயே, மனிதன் வேண்டும்போது மட்டும் பற்றுகின்றது.

இந்தியாவின் வெடிபொருட் சட்டம் 1884ஆம் ஆண்டில், ஆங்கிலச் சட்டத்தின் வழியிலே இயற்றப்பட்டது. அச்சட்டத்தின் கீழே, தமிழகத்துச் சிவகாசி, இந்தியாவின் வாணங்களுட் பெரும்பகுதியைச் செய்யும் நகராய் வளர்ந்தது. 1923ஆம் ஆண்டிலே கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் பயின்று திரும்பிய அய்ய நாடார், சண்முக நாடார் என்னும் உறவினர் இருவரின் முயற்சியிலிருந்து அங்குள்ள தொழில் பெருகியது. மழை குன்றிய வறண்ட காலநிலை, வேளாண்மைக்குப் பகையாயினும் மருந்தை உலர்த்துவதற்குத் துணையாயிற்று. அங்கே விதிகள் இல்லாமலில்லை. குடில்களும் இடைவெளியும் ஆள் எண்ணிக்கையும் எழுத்திலே உள. ஆயினும் தீபாவளி நெருங்கும் மாதங்களிலே, ஏற்ற கூலிக்கும் ஏற்ற விலைக்கும் ஆசைப்பட்டு, நாலு பேர் இருக்கவேண்டிய அறையிலே பலர் அமர்த்தப்படுதலும், மரநிழலிலே மருந்து நிரப்புதலும் விபத்து விசாரணைகளில் மீண்டும் மீண்டும் வெளியாகின்றன. 2012ஆம் ஆண்டு செப்ரெம்பர் 5ஆந் திகதி, சிவகாசிக்கு அண்மையில் முதலிப்பட்டியிலே ஒரு தொழிற்சாலை எரிந்து வெடித்தபோது ஏறத்தாழ நாற்பது பேர் மாண்டனர். அவர்களுள் தொழிலாளர் அல்லாதாரும் இருந்தனர். தீயைக் கண்டு உதவி செய்யவும் பார்க்கவும் ஓடிவந்த அயற்கிராமத்தவர், அடுத்த வெடிப்பிலே அகப்பட்டனர். மில்போண் போட் சந்தையின் மூன்றாம் ஆள் இங்கும் வருகின்றான்.

இனி, பிரித்துவைத்தலின் மற்றொரு பகுதியாகிய தூரத்தைப் பற்றிப் பேசுதல் வேண்டும். எவ்வளவு மருந்துக்கு எவ்வளவு தூரம் என்பது, உத்தியோகத்தர் தம் மனம்போல் எழுதுவதன்று. வெடிப்பின் அழுத்தம் தூரஞ் செல்லச்செல்ல விரைவாகக் குறைகின்றது. பொதுவாகக் கூறின், மருந்தின் அளவு எட்டு மடங்கானால், அதே காப்புக்கு இரண்டு மடங்கு தூரம் விடவேண்டும். இவ்வாறு கணித்த அட்டவணைகள் பல நாடுகளிலும் வழங்குகின்றன. இடையிலே மண்மேடு அமைத்தால், சிதறும் துண்டுகள் அதில் அடங்கும். ஒரு களஞ்சியத்தின் வெடிப்பு மறு களஞ்சியத்தைத் தூண்டாது. இவையெல்லாம் செம்மையாக அறியப்பட்ட காலத்திலேயே, செல்வமும் ஒழுங்கும் மிக்க ஒரு நாட்டில் நிகழ்ந்த பெருந்துயர் ஒன்று உண்டு.

அந்த நாடு, யாழ்ப்பாணக் கோட்டையை விரித்துக் கட்டிய ஒல்லாந்தரின் நாடாகிய நெதர்லாந்து. அதன் கிழக்கெல்லையில் என்ஸ்கெடே என்னும் நகரம். அங்கே 1977ஆம் ஆண்டளவில் ஒரு வாணக் களஞ்சியம் அமைக்கப்பட்டது. நாளடைவில் நகரம் வளர்ந்தது. வீடுகள் களஞ்சியத்தை நெருங்கின, பின்னர் சூழ்ந்தன. களஞ்சியமோ நகரவில்லை. உள்ளே கொள்கலங்கள் பெருகின. உரிமத்திலே குறிக்கப்பட்டவை, தனித்தனி எரிந்து அடங்கும் இலகுவான இனம். உள்ளே இருந்தவற்றுட் பல, ஒன்று பற்றினால் யாவும் ஒருங்கே வெடிக்கும் கடினமான இனம். 2000ஆம் ஆண்டு மே மாதம் 13ஆந் திகதி சனிக்கிழமை பிற்பகல், அங்கே தீப்பிடித்தது. வாணங்கள் பகலிலே வானத்தில் வெடிப்பதைக் காண அயலவர் தெருவிலே கூடினர். அது வெறும் வேடிக்கையாகவே தோன்றியது. அடைபட்ட கொள்கலங்களிலே தீ பரவியதும், முன்னர் கூறிய கடதாசிக் குழலின் கதை பேருருக் கொண்டது. அடுத்தடுத்து எழுந்த பெருவெடிப்புகளால் ரூம்பேக் என்னும் குடியிருப்பு தரைமட்டமாயிற்று. 23 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் நால்வர் தீயணைக்கச் சென்றோர். ஏறத்தாழ 950 பேர் காயமுற்றனர். வீடிழந்தோர் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர்.

விசாரணைக்குழு உரிமையாளரை மட்டும் குறைகூறி நிறுத்திக்கொள்ளவில்லை. அனுமதி அளித்த நகரசபையும் மத்திய அரசாங்கத்தின் திணைக்களங்களும் தத்தம் கடமையிலே தவறியமையை வெளிப்படையாகக் கூறியது. களஞ்சியத்துக்கு ஒரு பகுதியினரும், வீடு கட்டுவதற்கு மற்றொரு பகுதியினரும், வாண இனங்களைத் தரம்பிரிப்பதற்கு வேறொரு பகுதியினரும் அனுமதி வழங்கினர். மூன்று கடதாசிகளையும் ஒருங்கே வைத்துப் பார்த்தவர் எவருமிலர். கட்டுப்பாடு என்னும்போது குடிமக்களின் கீழ்ப்படிவையே நினைப்பது பலருக்கு வழக்கம். அரசாங்கம் தன் உரிமப் புத்தகத்தைத் தானே படித்துப் பார்ப்பதும் கட்டுப்பாட்டின் ஒரு பகுதியே. 2002ஆம் ஆண்டில் அந்நாடு புதிய வாண விதிகளை வகுத்தது. 2025ஆம் ஆண்டிலே, பொதுமக்கள் தாமே வாணம் கொளுத்துவதைத் தடுக்கும் சட்டம் அதன் இரு சபைகளாலும் ஏற்கப்பட்டது. இவ்வளவு முற்றான விலக்கு, அங்கேனும் நிலைபெறுமா என்பதைக் காலமே காட்டவேண்டும்.

கேரளத்தின் கொல்லம் மாவட்டத்துப் பரவூரிலே, புற்றிங்கல் கோயிலில் 2016ஆம் ஆண்டு ஏப்பிரில் 10ஆந் திகதி அதிகாலை நிகழ்ந்தது, சைவ மக்களின் நெஞ்சை மிகவும் வருத்துவது. இரு குழுவினர் ஒருவரையொருவர் விஞ்சும் போட்டி வாணத்துக்கு மாவட்ட நிருவாகம் அனுமதி மறுத்திருந்தது. ஆயினும் வேடிக்கை நடைபெற்றது. எரிந்து விழுந்த ஒரு வாணத்தின் தீ, மருந்து குவித்திருந்த கட்டிடத்தைப் பற்றியது. கட்டிடம் வெடித்துக் கற்களும் கொங்கிறீற்றும் மக்கள்மேற் சிதறின. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அங்கே சட்டம் இல்லாமலில்லை. மறுப்பும் எழுத்திலே இருந்தது. கோயிற் கூட்டத்தின் ஆர்வத்துக்கு முன்னே, ஒரு கடதாசியை வைத்துக்கொண்டு உத்தியோகத்தர் ஒருவர் தனித்து நிற்றல் எளிதன்று. திருவிழாவுக்கு வாரங்கள் முன்னரே ஆலய பரிபாலன சபையும் பொலிசாரும் தீயணைப்புப் படையினரும் கூடி, மருந்து வைக்குமிடம் எது, மக்கள் நிற்குமிடம் எது என்று நிலத்திலே கயிறு கட்டிக் குறித்துவிட்டால், அன்றிரவு எவரும் எவரையும் தடுத்து நிற்க வேண்டியதில்லை.

தொலைவிலுள்ள ஊர்களையே கூறிச் செல்வதாக நேயர்கள் எண்ணலாகாது. 2010ஆம் ஆண்டு செப்ரெம்பர் 17ஆந் திகதி, மட்டக்களப்பு மாவட்டத்துக் கரடியனாற்றிலே, வீதி அமைக்கும் பணிக்காகக் கொண்டுவரப்பட்ட வெடிமருந்துக் கொள்கலங்கள் பொலிஸ் நிலைய வளவினுள்ளே வைக்கப்பட்டிருந்து வெடித்தன. பொலிசார், பொதுமக்கள், வீதி வேலைக்கு வந்த சீனர் என இருபதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். அது வாணமன்று, பாறை உடைக்கும் மருந்து என்பது உண்மை. ஆயினும் திருட்டுக்கு அஞ்சி, காவல் மிகுந்த இடமென்று தெரிந்தெடுத்த இடம், மக்கள் நாள்தோறும் வந்து செல்லும் இடமாய் இருந்தது. கள்வனிடமிருந்து மருந்தைக் காப்பது ஒன்று; மருந்திடமிருந்து மனிதரைக் காப்பது வேறொன்று.

வாங்கிக் கொளுத்துவோர்க்கான விதிகள் இவற்றை நோக்க எளியன. பல நாடுகள் நேரத்தையும் ஓசையையும் வரையறுத்துள்ளன. இந்தியாவிலே, நான்கு மீற்றர் தூரத்தில் 125 தெசிபெல்லுக்கு மேற்பட்ட ஓசையெழுப்பும் வெடிகள் விலக்கப்பட்டன. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஓசை வெடி கொளுத்தலாகாது என்று 2005ஆம் ஆண்டில் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2018ஆம் ஆண்டின் தீர்ப்பு, புகை குறைந்த வாணங்களையே அனுமதித்து, தீபாவளியன்று இரவு 8 முதல் 10 மணி வரை என நேரத்தைச் சுருக்கியது. இங்கிலாந்தின் 2004ஆம் ஆண்டு விதிகளின்படி, இரவு 11 மணிக்குப் பின் வாணம் கொளுத்தலாகாது; ஆயின் சில இரவுகளுக்கு மட்டும் ஒரு மணி வரை விலக்களிக்கப்பட்டுள்ளது. அவ்விரவுகளுள் ஒன்று தீபாவளி! 1697ஆம் ஆண்டில் வாணத்தையே ஒழிக்க எண்ணிய நாடு, இன்று தன் சட்டப் புத்தகத்திலே தீபாவளிக்கு இடமளித்திருப்பது சுவையான மாற்றமேயாம்.

வீட்டிலே பெரியோர் அறிந்திருக்க வேண்டியது ஒன்று. பூந்திரி என்றும் கம்பி மத்தாப்பு என்றும் வழங்குவதை, ஓசையில்லாதது, ஆதலால் தீங்கற்றது எனக் கருதி மிகச் சிறு குழந்தைகளின் கையிற் கொடுக்கின்றனர். அது எரியும்போது உண்டாகும் வெப்பம் ஏறக்குறைய 1000 பாகை. வெள்ளி உருகும் வெப்பத்துக்குக் குறைந்ததல்ல. நைலோன் சட்டையிலே ஒரு பொறி விழுந்தால், துணி உருகித் தோலோடு ஒட்டிவிடும். பருத்தி உடையும், அருகிலே ஒரு வாளித் தண்ணீரும் காப்புக்குத் துணையாகும். திரி எரிந்தும் வெடியாத சீனவெடியைக் குனிந்து எடுத்துப் பார்ப்பதே சிறுவர்களின் கண்ணுக்குப் பெருங் கேடு. அதனைத் தொடாமல் விட்டு, நெடுநேரங் கழித்து நீரூற்றி நனைத்தல் வேண்டும்.

இலங்கையில் 1956ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க வெடிபொருட்கள் சட்டம், செய்தல், இறக்குமதி, வைத்திருத்தல், விற்றல் ஆகிய யாவற்றுக்கும் அனுமதிப்பத்திரத்தை வேண்டுகின்றது. நாட்டின் வாணத் தொழில், நீர்கொழும்புக்கு அண்மையிலுள்ள கிம்புலாபிட்டியவிலே குடிசைத் தொழிலாக வேரூன்றியுள்ளது. சித்திரையும் மார்கழியும் நெருங்கும்போது, குடும்பம் முழுவதும் குழல் சுற்றவும் திரி செருகவும் அமர்கின்றது. அங்கே வெடிவிபத்துகள் ஒருமுறையன்று, பலமுறை நிகழ்ந்துள்ளன. ஒவ்வொரு விபத்துக்குப் பின்னும் சட்டத்தை இறுக்குக என்ற குரல் எழுகின்றது. இறுக்கலாம். ஆனால் சட்டம் கேட்பது தூரம், தூரம் என்பது காணி, காணிக்கு விலையுண்டு. நாலு பரப்புக் காணியிலே வீடும் கிணறும் தொழிலும் கொண்ட ஒரு குடும்பத்திடம், கலவைக் குடிலுக்கும் களஞ்சியத்துக்கும் வீட்டுக்கும் இடையே வேண்டிய வெறுநிலத்தை விடு என்றால், அது தொழிலை விடு என்பதற்கு ஒப்பாகும். தொழிலை விட வழியற்றவர் அனுமதிப்பத்திரத்தை விட்டுவிடுவார். மருந்து பின்னறைக்குப் போய்விடும். லம்பெத்தின் கதை இந்நாட்டிலும் தொடரும்.

ஆதலின் குழல் சுற்றுதல், தாள் ஒட்டுதல் போன்ற மருந்தில்லாத வேலைகளை வீட்டிலே விட்டு, கலத்தல், நிரப்புதல், சேமித்தல் ஆகிய அபாய வேலைகளை மட்டும் ஊருக்கு வெளியே அரச காணியில் அமைந்த பொது நிலையமொன்றுக்கு மாற்றுதல், தண்டத்தை உயர்த்துவதினும் மிக்க பயன் தரக்கூடும். ஐக்கிய நாணய சங்கங்களையும் பண்டகசாலைகளையும் கட்டி நடத்திய அனுபவம் இந்நாட்டுக் கிராமங்களுக்கு உண்டு. அத்தகைய நிலையத்துக்கு வேண்டுவன பெருஞ் செலவினவல்ல: எட்ட எட்ட நிற்கும் சில குடில்கள், அவற்றின் இடையே மண்மேடு, இடிதாங்கி பூட்டிய ஒரு களஞ்சியம், வந்ததும் சென்றதும் எழுதும் ஒரு கணக்குப் புத்தகம், மாதந்தோறும் வந்து அப்புத்தகத்தையும் பெட்டிகளையும் ஒப்பிட்டு எண்ணிப் பார்க்கும் ஓர் உத்தியோகத்தர்.